வாலிபால் ஆடி வாழ முடியுமா? லீக் 25 நாள்... மீதி 340 நாளுக்குச் சம்பளம் தருவது யார்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரிலிருந்து போன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலார் தங்கவயல், ஸ்கெலட்டன். சித்தி பேசுகிறார். "தம்பி பி.யூ.சி. முடிச்சிட்டான். காலேஜ்னா வாலிபாலுக்கு சீட் குடுக்கிற காலேஜ்தான் வேணுமாம். டிவியில ஏலம் எடுக்கிறாங்களே, அந்த மாதிரி பிளேயர் ஆகணுமாம். நீ பெங்களூர்ல வேலை பார்க்கிற, விவரம் தெரியும். நீயே சொல்லு, இதுல சோறு கிடைக்குமா?"

என்ன பதில் சொல்வீர்கள்?

'கிரிக்கெட் தவிர வேறு எதிலும் காசு இல்லை' என்பது ஒரு பதில். 'இப்போ எல்லாத்துக்கும் லீக் வந்தாச்சு, பரவாயில்ல' என்பது இன்னொன்று. இரண்டுமே அரைகுறை. இந்தியாவில் வாலிபால் ஆடி நன்றாக வாழ்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வருஷம் முழுக்கச் சம்பளம் தருவது நீங்கள் டிவியில் பார்க்கும் அணி இல்லை. ரயில்வே, வங்கி, போலீஸ், ராணுவம், எண்ணெய் நிறுவனங்கள். இதைப் புரிந்துகொண்டால் தம்பிக்கு என்ன சொல்வது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் நாட்களை எண்ணுவோம்

இந்தியாவில் வாலிபால் லீக் என்ற யோசனை புதிது இல்லை. 2011ல் வாலிபால் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா 'இந்தியன் வாலி லீக்' என்று ஒன்றை 6 அணிகளோடு நடத்தியது. ஒரே சீசன். அடுத்த லீக் வர 2019 ஆனது. அதன் பெயர் புரோ வாலிபால் லீக். சென்னை ஸ்பார்ட்டன்ஸ் சொந்த ஊரில், நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்த இறுதிப் போட்டியில் காலிகட் ஹீரோஸை வென்றது. அதுவும் ஒரே சீசன்தான். நடத்திய நிறுவனத்துக்கும் ஃபெடரேஷனுக்கும் இருந்த ஒப்பந்தம் முறிந்து, விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது.

2022 பிப்ரவரியில் பிரைம் வாலிபால் லீக் தொடங்கியது. இது ஃபெடரேஷன் நடத்துவது இல்லை, தனியார் லீக். கொல்கத்தா, அகமதாபாத், காலிகட், பெங்களூரு என்று இதுவரை நான்கு சீசனுக்கு நான்கு சாம்பியன்கள். முதல் சாம்பியனான கொல்கத்தா தண்டர்போல்ட்ஸின் கேப்டன் கர்நாடகத்தைச் சேர்ந்த அஷ்வல் ராய். 2024ல் கோப்பை வென்ற காலிகட் ஹீரோஸின் கேப்டன் ஜெரோம் வினித், தமிழர்.

ஒவ்வொரு சீசனும் தொடங்கிய, முடிந்த தேதிகளை எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். 2019ல் 21 நாள். 2022ல் 23. 2023ல் 30. 2024ல் 36. 2025 அக்டோபரில் 25. மொத்தம் 135 நாள், 7 வருஷத்தில். சராசரி போட்டால் வருஷத்துக்கு 19 நாள் சொச்சம். இதிலும் 2020, 2021 இரண்டு வருஷமும் பூஜ்யம். 2024 மார்ச்சில் முடிந்த சீசனுக்கு அடுத்தது 2025 அக்டோபரில்தான் வந்தது, இடையில் ஒன்றரை வருஷம்.

ஒப்பிட ஒரு எண். ஜப்பானின் எஸ்.வி. லீக்கில் 2024-25 சீசனில் ஒவ்வொரு அணியும் பிளே-ஆஃப் இல்லாமலே 44 போட்டிகள் ஆடியது. 2019ல் கோப்பை வென்ற நம்ம சென்னை அணி ஆடியது மொத்தம் 7.

ஏலத்தில் எவ்வளவு?

2018 டிசம்பரில் நடந்த புரோ வாலிபால் ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் செட்டர் ரஞ்சித் சிங். அகமதாபாத் அணி கொடுத்தது 13 லட்சம் ரூபாய். அதே வருஷம் புரோ கபடியில் மோனு கோயத்துக்குக் கிடைத்தது 1 கோடியே 51 லட்சம். வாலிபால் ஏலம் முடிந்த சில நாட்களில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் நம்ம வருண் சக்கரவர்த்தி 8 கோடியே 40 லட்சத்துக்குப் போனார். வாலிபால் உச்சத்தைப் போல கபடி உச்சம் 11 மடங்குக்கு மேல், ஐ.பி.எல். 64 மடங்குக்கு மேல். 2022 சீசனுக்கான ஏலத்தில் வாலிபால் உச்சம் 15 லட்சமாக ஏறியது.

'15 லட்சம் என்ன கம்மியா?' என்று கேட்கலாம். கம்மி இல்லை. ரயில்வேயில் லெவல்-2 வேலையின் அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். படிகளைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் 6 வருஷ அடிப்படைச் சம்பளத்தை ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் 23 நாளில் வாங்கிவிடுகிறார். ஆனால் அந்த விலைக்குப் போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் அதில் ஒரு பங்குக்குத்தான் போகிறார்கள், பலர் ஏலத்தில் விலையே போவதில்லை. அடுத்த சீசன் எப்போது என்று யாருக்கும் தெரியாது. முழங்கால் போனால் ஏலப் பட்டியலில் பெயரே இருக்காது.

அதனால்தான் லீக்கில் ஆடும் இந்திய வீரர்களின் விவரத்தைத் தோண்டினால் பெரும்பாலும் இன்னொரு முகவரி கிடைக்கும். பாரத் பெட்ரோலியம், ஓ.என்.ஜி.சி., இந்தியன் ரயில்வே, சர்வீசஸ், ஏதோ ஒரு மாநில போலீஸ். சென்னையில் மட்டும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை, சுங்கத்துறை, தமிழ்நாடு போலீஸ் என்று பல அணிகளைப் பார்த்திருப்பீர்கள். இந்திய வாலிபாலில் 'கிளப்' என்று இருந்தது இவைதான். லீக் இப்போது மேலே வந்து உட்கார்ந்திருக்கிற ஒரு மாடி.

சரி, அந்த வேலை எப்படிக் கிடைக்கும்?

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தம்பி கோட்டைவிட வாய்ப்புள்ள இடம் இதுதான்.

ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வயது 18 முதல் 25 வரை. எந்தப் பிரிவினருக்கும் வயதுத் தளர்வு கிடையாது. தேர்வு மொத்தம் 100 மதிப்பெண்ணுக்கு. அதில் டிரையல்ஸ், அதாவது கிரவுண்டில் ஆடிக் காட்டுவது, 40. அதில் குறைந்தது 25 வாங்கினால்தான் 'ஃபிட்', இல்லையென்றால் அடுத்த கட்டமே இல்லை. கல்விக்கு 10. மிச்சமுள்ள 50 மதிப்பெண்ணும் ஏற்கனவே ஆடி வாங்கிய சாதனைகளுக்கு.

பாதி மதிப்பெண் சான்றிதழில் இருக்கிறது. எந்தச் சான்றிதழ் என்பதுதான் விஷயம். தேசிய சீனியர் சாம்பியன்ஷிப்பில் மாநிலத்துக்கு ஆடி முதல் மூன்று இடத்துக்குள் வந்தது, ஃபெடரேஷன் கோப்பை, நேஷனல் கேம்ஸ், அகில இந்திய பல்கலைக்கழகப் போட்டி. இவை பட்டியலில் உண்டு. ஊர்த் திருவிழாவுக்கு ஃபிளட் லைட் போட்டு விடிய விடிய நடக்கிற டோர்னமென்டில் வாங்கிய ஆளுயரக் கோப்பை இந்தப் பட்டியலில் இல்லை. பிரைம் வாலிபால் லீக்கும் இல்லை! டிவியில் ஊரே பார்த்த ஆட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது. காலி கேலரிக்கு முன்னால் ஆடிய இன்டர் யுனிவர்சிட்டி அரையிறுதிக்கு உண்டு.

இன்னொரு கண்ணி: காலாவதி. அந்தச் சாதனை நடப்பு நிதியாண்டிலோ அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளிலோ இருக்க வேண்டும். 19 வயதில் வாங்கிய மெடலை 24 வயதில் காட்டினால் செல்லாது. விண்ணப்பிக்கும்போதும் ஆடிக்கொண்டிருக்கும் வீரராக இருக்க வேண்டும்.

எந்த லெவல் வேலை என்பதும் சாதனையைப் பொறுத்தது. நாட்டுக்காகப் பெரிய சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர்களுக்கு லெவல் 4, 5. தேசிய அளவில் முதல் மூன்று இடம் என்றால் லெவல் 2, 3. அடிப்படைச் சம்பளம் லெவல் 2க்கு 19,900. லெவல் 5க்கு 29,200. அதற்கு மேல் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி. உங்களில் சிலருக்கு இது ஐ.டி. ஃப்ரெஷர் சம்பளம் மாதிரித் தெரியலாம். ஆனால் ஆட்டம் நின்ற பிறகும் 60 வயது வரை வருகிற சம்பளம் இது.

மத்திய அரசின் மற்ற துறைகளிலும் குரூப் சி பணிகளில் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் தங்கவயல் தம்பி இதில் கை வைக்க முடியாது. வீட்டில் தமிழ் பேசினால் போதாது, தமிழ்நாட்டுக்காக ஆடியிருக்க வேண்டும். அவன் ஆடப்போவது கர்நாடக ஜெர்சியில். எல்லை தாண்டி 50, 60 கிலோமீட்டரில் இருக்கிற வேலூர் மாவட்டத்துப் பையனுக்குத் திறக்கும் கதவு அவனுக்குத் திறக்காது. அவனுக்குக் கர்நாடக அரசின் விளையாட்டு விடுதிகள், மாநில அணி, பிறகு மத்திய அரசு வேலைகள் என்று வேறு பாதை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எல்லா நிறுவனமும் இப்போது நிரந்தர வேலை தருவதில்லை. சில இடங்களில் ஸ்காலர்ஷிப், சில இடங்களில் ஒப்பந்தம், மாத உதவித்தொகை. அணியின் பெயர் ஒன்றுதான், ஜெர்சியும் ஒன்றுதான். ஒருவர் நிரந்தர ஊழியர், பக்கத்தில் நிற்பவருக்கு 11 மாத ஒப்பந்தம் என்றுகூட இருக்கலாம். 'எந்த டீம்?' என்று கேட்பதோடு நிறுத்தாமல் 'என்ன ஆர்டர்?' என்றும் கேளுங்கள்.

தங்கவயலுக்கு இது ஏன் தெரிந்த கதை

'கம்பெனி வேலை' என்றால் என்ன என்று தங்கவயல்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட ஆரம்பித்ததில் இருந்து வடாற்காடு, சேலம், தருமபுரி பக்கமிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் வேலை பார்த்தன. வீடு கம்பெனி லைனில், ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, மைதானமும் கம்பெனியுடையது. 2001 பிப்ரவரி 28ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அன்றிலிருந்து மாரிக்குப்பத்தில் விடியற்காலையில் ரயிலேறி 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெங்களூருக்குப் போய் ராத்திரி திரும்புவதுதான் ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கை. நீங்களும் அந்த ரயிலில் தூங்கியிருப்பீர்கள்.

தினம் 4 மணி நேரத்துக்கு மேல் ரயிலில் போகிற ஒரு பையன் காலை, மாலை இரண்டு வேளை பயிற்சி செய்ய முடியாது. விடுதி வசதியுள்ள கல்லூரியில் சீட் கேட்கிறான் என்றால் அது அடம் இல்லை, சரியான கணக்கு. பல்கலைக்கழகப் போட்டிக்கு 50ல் மதிப்பெண் இருக்கிறது என்று மேலே பார்த்தோம். வாலிபாலில் பெயர் வாங்கிய கல்லூரி, பல்கலைக்கழக அணிகள் கட்டணம் இல்லாமல் சீட்டும் சாப்பாடும் தருவது இதற்காகத்தான்: அவர்களுக்குக் கோப்பை, பையனுக்குச் சான்றிதழ்.

உயரம் எவ்வளவு?

சித்தியிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆண்கள் நெட்டின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. நெட்டுக்கு மேலே கையைக் கொண்டுபோய் பிளாக் பண்ண வேண்டிய மிடில் பிளாக்கருக்கு ஆறடி என்பது போதாத உயரம். 17 வயதில் ஐந்தடி ஒன்பது இருக்கிற பையன் அட்டாக்கராக இந்திய அணிக்குப் போவது மிகக் கடினம்.

குள்ளமானவர்களுக்கு ஒரு வாசல் உண்டு. 1998ல் வந்த 'லிபரோ' விதி. வேறு நிற ஜெர்சி போட்டு, பின்வரிசையில் மட்டும் ஆடி, சர்வையும் ஸ்மாஷையும் எடுப்பவர். அவருக்கு உயரம் முக்கியமில்லை, கால் வேகமும் கண்ணும்தான். செட்டருக்கும் உயரத்தைவிட மூளை முக்கியம். செட்டர்களின் ஆயுளும் அதிகம், 35 தாண்டியும் ஆடுகிறார்கள். அட்டாக்கரின் முதலீடு முழங்காலும் தோளும். ஒரு பயிற்சியில் நூற்றுக்கணக்கான தடவை குதிக்கிறவர்களுக்கு முட்டிச் சிரட்டைக்குக் கீழே வருகிற வலிக்கு 'ஜம்பர்ஸ் நீ' என்றே பெயர். சிமென்ட் தரையில் வளர்ந்த பையன்களுக்கு இது சீக்கிரமே வருகிறது.

வெளிநாடு போனால்?

போன ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கண்ணூர் மாவட்டம் பேராவூரில் 1955ல் பிறந்த ஜிம்மி ஜார்ஜ். வீட்டில் சகோதரர்கள் எல்லோரும் வாலிபால். 21 வயதில் அர்ஜுனா விருது. கேரள போலீசில் வேலை. 1979ல் அபுதாபி கிளப், 1982ல் இத்தாலி. உலகத்திலேயே கடினமான லீக்குகளில் ஒன்றில் ஒரு இந்தியர் சம்பளத்துக்கு ஆடினார். 1986 சியோல் ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 1987 நவம்பர் 30ல் இத்தாலியில் நடந்த கார் விபத்தில் இறந்தபோது வயது 32. திருவனந்தபுரத்தில் இருக்கிற உள்விளையாட்டு அரங்குக்கு அவர் பெயர்.

அந்த வெண்கலத்துக்குப் பிறகு இந்திய ஆண்கள் அணி ஆசியப் போட்டியில் பதக்கம் வாங்கவில்லை. அந்த அணியில் இருந்த இன்னொருவரை உங்களுக்கு வேறு விதமாகத் தெரியும். பி.வி. ரமணா, பி.வி. சிந்துவின் அப்பா. ரயில்வே ஊழியர். சிந்துவின் அம்மா விஜயாவும் வாலிபால் வீராங்கனை. ஜிம்மி போனது ஒரு பாதை, ரமணா போனது இன்னொன்று. பிறகு வந்தவர்களில் பெரும்பாலானோர் ரமணாவின் பாதையில்தான் போனார்கள்.

திறமை இல்லை என்பதாலா? 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் உலகத் தரவரிசையில் 73வது இடத்தில் இருந்த இந்தியா, 27வது இடத்தில் இருந்த தென்கொரியாவை 3-2 என்று தோற்கடித்தது. கடைசி செட் 17-15. அடுத்து சீன தைபேவை 3-0. பிறகு காலிறுதியில் ஜப்பானிடம் 0-3. அந்த வித்தியாசம் எங்கே இருந்து வருகிறது என்பதற்கு ஜப்பானின் யூகி இஷிகாவாவைப் பாருங்கள். பல்கலைக்கழக மாணவராக இருக்கும்போதே 2014ல் இத்தாலியின் மோடெனா கிளப்புக்குப் போனார். பிறகும் பல வருஷம் இத்தாலியில் ஆடினார். 2025ல் பெரூஜியா அணியோடு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார். அதே பெரூஜியா 2023 டிசம்பரில் பெங்களூரு கோரமங்களா அரங்குக்கு வந்து கிளப் உலகக் கோப்பையை வென்றுவிட்டுப் போனது. அதில் நம்ம பக்கம் ஆடியது பிரைம் லீக் சாம்பியன் அகமதாபாத் டிஃபெண்டர்ஸ்.

நம்ம வீரருக்கு 25 வயதுக்குள் அரசு வேலை வாங்கியாக வேண்டும். வேலை வாங்கியபின் வெளியே ஆட நிறுவனத்தின் அனுமதி வேண்டும். இரண்டு வருஷம் வெளிநாட்டில் ஆடிவிட்டு வந்தால் கோட்டாவுக்கான வயதும் சான்றிதழும் காலாவதி. இத்தாலியை யோசிக்க வேண்டிய வயதில் அவர் லெவல்-2 டிரையல்ஸ் வரிசையில் நிற்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

தங்கச்சி கேட்டால்?

இதே போன் தங்கச்சிக்காக வந்திருந்தால் பதில் இன்னும் சுருக்கம். நான்கு சீசன் முடிந்தும் பிரைம் வாலிபால் லீக்கில் பெண்கள் அணி கிடையாது. ஆகவே ஏலம், டிவி எதுவும் இல்லை. வேலை மட்டும்தான் பாதை. அந்தப் பாதை பலமாகவே இருக்கிறது: பெண்கள் வாலிபாலில் இந்தியன் ரயில்வே நீண்ட காலமாகவே வலுவான அணி, கேரள மின்வாரியமும் நல்ல அணி வைத்திருக்கிறது. பையனுக்கு இருக்கிற குழப்பம் ஒரு வகையில் பெண்ணுக்கு இல்லை.

யாருக்கும் கட்டுப்படாத ஒரு ரிஸ்க்

சான்றிதழ் முக்கியம் என்றால், அதைக் கொடுக்கிற அமைப்பு உயிரோடு இருக்க வேண்டும் இல்லையா? 2016 டிசம்பரில் உள்சண்டை காரணமாக இந்திய ஃபெடரேஷனை சர்வதேச வாலிபால் சம்மேளனம் சஸ்பெண்ட் செய்தது. 2018ல்தான் அது நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் 23, 24 வயதில் இருந்த ஒரு வீரரை நினைத்துப் பாருங்கள். நாட்டுக்காக ஆடும் வாய்ப்பு மூடியிருக்கிறது, அவரது வயது மட்டும் ஏறுகிறது. நிர்வாகிகளின் வழக்கு முடிய வருஷங்கள் ஆகலாம், அவருக்கு இருப்பது இரண்டு நிதியாண்டு.

சித்திக்குத் திரும்பப் போன் போடும்போது தம்பியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். காலை ஊன்றி நின்று கையைத் தூக்கினால் எவ்வளவு எட்டுகிறது, எந்த இடத்தில் ஆடுகிறான், இதுவரை வாங்கிய சான்றிதழ்களில் மாநில அணிக்காக ஆடியது எத்தனை என்று கேளுங்கள். சீட் தருகிற கல்லூரி கடந்த மூன்று வருஷத்தில் அகில இந்திய பல்கலைக்கழகப் போட்டியில் எந்த இடம் பிடித்த அணியில் ஆடியது என்று விசாரியுங்கள். அங்கே படித்த சீனியர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று இரண்டு பேருக்காவது போன் பண்ணிக் கேளுங்கள். டிகிரியை விட்டுவிடாதே என்றும் சொல்லுங்கள், அதற்கும் 10 மதிப்பெண் இருக்கிறது. ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்பு ஒன்றை டவுன்லோட் செய்து அவன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். சாதனைகளுக்கான தேதி எங்கே தொடங்குகிறது என்ற வரியை மட்டும் மஞ்சளில் அடித்து அனுப்புங்கள்.